ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்குத் திராட்சை விதை கேப்சூல் கொடுக்கலாமா?

மன்னை மைந்தன்:

வணக்கம். அப்பாவுக்கு 63 வயது, மன்னார்குடி பக்கம் கிராமம். தை மாசக் கடைசியில் நெஞ்சுவலி வந்து, தஞ்சாவூரில் ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது தேறிவிட்டார். காலையில் வயல் வரைக்கும் நடந்து போய் வருகிறார். இளவயதிலிருந்து இழுத்த பீடியை ஆஸ்பத்திரியில் படுத்த அன்றோடு விட்டாயிற்று. மாத்திரைகள்: ஆஸ்பிரின் 75, க்ளோபிடோக்ரெல் 75, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 40, மெட்டோப்ரோலால். நெஞ்சுவலி வந்தால் போட, சட்டைப் பையில் எப்போதும் சார்பிட்ரேட்.

போன வாரம் தாய்மாமா வந்தார். ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் தரும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறார். ஒரு டப்பா கேப்சூலை அப்பாவிடம் கொடுத்து, "மச்சான், இது பூராவும் செடியிலேர்ந்து எடுத்தது. ரத்தக்குழாய்க்குள்ள ஏறியிருக்கிற துருவையே சுரண்டி எடுத்துடும். மூணு மாசத்துல அந்தக் கொழுப்பு மாத்திரையைத் தூக்கிப் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். விலை 2,400 ரூபாய். அப்பாவிடம் காசே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுக்களையில் அம்மாவிடம் வாங்கிக்கொண்டு போனது வேறு கதை.

லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். திராட்சை விதைச் சாறு, ரெஸ்வெராட்ரால், மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின், மிளகிலிருந்து எடுத்த பைப்பரின், பச்சைத் தேயிலைச் சாறு, பீட்டா கரோட்டின். மேலே பெரிய எழுத்தில் 'ஓஆர்ஏசி மதிப்பு 20,000'.

இந்த ஆன்டிஆக்ஸிடன்ட் சமாச்சாரம் இதயத்துக்கு நிஜமாகவே நல்லதா? கொடுத்தால் கெடுதல் உண்டா? அவசரமாகக் கேட்கக் காரணம், அப்பா அட்டோர்வாஸ்டாட்டினை ஒருநாள் விட்டு ஒருநாள் போட ஆரம்பித்துவிட்டார் என்று அம்மா நேற்றுதான் சொன்னார். நான் சென்னையில் இருக்கிறேன். போனில் சொன்னால் "உனக்கு என்னடா தெரியும்" என்கிறார். ஆதாரத்தோடு ஏதாவது சொன்னால் கேட்பார்.

பூண்டுப்பால்:

தம்பி, பயப்பட ஒன்றுமில்லை, கொடுங்கள். என் மாமனார் பல வருஷமாக மருதம்பட்டைக் கஷாயம் குடிக்கிறார், மலை ஏறுகிற ஆள் மாதிரி இருக்கிறார். இங்கிலீஷ் மாத்திரைக்குத்தான் பக்க விளைவு. செடிக்கு என்ன பக்க விளைவு வந்துவிடப் போகிறது? மாத்திரையை மட்டும் உடனே நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

மருந்துக்கடை அக்கா:

தம்பி, மேலே சொன்ன கடைசி வரியை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகவும் குறைக்கக் கூடாது. இன்றைக்கு ராத்திரியே அப்பாவுக்குப் போன் போட்டு, அட்டோர்வாஸ்டாட்டினைத் தினமும் போடச் சொல்லுங்கள். ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெல்லும் ஒருவேளைகூடத் தவறக் கூடாது. ஸ்டென்ட் வைத்த முதல் வருஷத்தில் அந்த இரண்டையும் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. டப்பா அலமாரியிலேயே இருக்கட்டும். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் கும்பகோணத்தில் மெடிக்கல் வைத்திருக்கிறேன், பி.ஃபார்ம் படித்தவள். இந்த மாதிரி டப்பாக்கள் என் கடையிலும் இருக்கின்றன. ஒரு ஸ்ட்ரிப் அட்டோர்வாஸ்டாட்டினில் எனக்குக் கிடைப்பதைவிட இதில் லாபம் பல மடங்கு. அதனால் மாமாவின் மேல் வியாபாரப் பொறாமையில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

மாமா சொன்ன துருக் கதை முழுப் பொய்யும் இல்லை. எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு ரத்தக்குழாயின் உள்சுவருக்குள் புகுந்து தங்குகிறது. அங்கே அது ஆக்சிஜனேற்றம் அடைகிறது, துருப்பிடிப்பது மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி மாறிப்போன எல்டிஎல்லை உடம்பின் வெள்ளை அணுக்கள் அன்னியப் பொருள் என்று நினைத்து விழுங்குகின்றன. விழுங்கி விழுங்கிக் கொழுப்பால் வீங்கி அங்கேயே செத்துக் கிடக்கின்றன. அந்தக் குவியல்தான் அடைப்பாக வளர்கிறது. இது 1980களில் நன்றாகவே நிறுவப்பட்ட விஷயம். அப்படியானால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருளை, அதாவது ஆன்டிஆக்ஸிடன்ட்டைக் கொடுத்தால் அடைப்பு வராதே என்று யாருக்கும் தோன்றும். மாமாவுக்குத் தோன்றியது பெரிய பெரிய விஞ்ஞானிகளுக்கும் தோன்றியது. அவர்கள் அதோடு நிற்காமல் ஆயிரக்கணக்கான ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

இத்தாலியில் மாரடைப்பு வந்து பிழைத்த 11,000க்கும் மேற்பட்டவர்களுக்கு நடந்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. அதில் தாவர எண்ணெய்களில் இருக்கும் வைட்டமின் ஈயைக் கொடுத்தார்கள், பலன் இல்லை. 2000இல் வெளிவந்த ஹோப் ஆய்வில் 9,500 பேர், நாலரை வருஷம், அதே வைட்டமின் ஈ, அதே முடிவு. அவர்களையே இன்னும் சில வருஷம் தொடர்ந்து பார்த்தபோது, வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கு இதயம் பலவீனமாவது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

உங்கள் அப்பாவிடம் சொல்ல வேண்டியது 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு. இதயப் பாதுகாப்பு ஆய்வு என்றே அதற்குப் பெயர். 20,536 பேர், ஐந்து வருஷம். ஒரே ஆட்களை வைத்து இரண்டு விஷயத்தைச் சோதித்தார்கள். சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின் 40, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. அப்புறம் அதே ஆட்களை மறுபடி குலுக்கிப் பாதிப் பேருக்கு வைட்டமின் ஈ, வைட்டமின் சி, பீட்டா கரோட்டின் மூன்றும் சேர்ந்த ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்சூல், மீதிப் பேருக்கு வெற்றுக் கேப்சூல். சிம்வாஸ்டாட்டின் உங்கள் அப்பா சாப்பிடும் மாத்திரைக்கு அண்ணன் தம்பி முறை.

ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் தேவைப்படுவது எல்லாம் சேர்த்துச் சுமார் கால்பங்கு குறைந்தது. சாவும் குறைந்தது. ஆன்டிஆக்ஸிடன்ட் சாப்பிட்டவர்களுக்கோ வித்தியாசமே இல்லை. கேப்சூல் உடம்பில் சேரவில்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. ரத்தத்தில் வைட்டமின் ஈ இரண்டு மடங்கும் பீட்டா கரோட்டின் நாலு மடங்கும் ஏறியிருந்ததை அளந்தே பார்த்தார்கள். மாமா எதை எடுத்து எதைப் போடச் சொல்கிறாரோ, அந்த இரண்டையும் ஒரே களத்தில் இறக்கிப் பார்த்தாயிற்று தம்பி.

பீட்டா கரோட்டின் உங்கள் டப்பாவிலும் இருக்கிறது. கேரட்டின் நிறம்தான் அது. ஆனால் பீடி, சிகரெட் பழக்கம் இருந்தவர்கள் அதைக் கேப்சூலாகத் தொடவே கூடாது என்பது என் கருத்து. ஃபின்லாந்தில் புகைப்பிடிக்கும் ஆண்கள் 29,133 பேருக்கு நடந்த ஆய்வு 1994இல் வந்தது. நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பித்தான் தினம் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கு அந்தப் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் புகைப்பவர்கள், புகைத்து விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிகள் என்று 18,000 பேரை வைத்து நடந்த இன்னொரு ஆய்வில் இதனோடு வைட்டமின் ஏயும் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கே 28 சதவீதம் கூடி, 1996இல் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். செடிக்கு என்ன பக்க விளைவு என்று கேட்டவருக்கும் இதுதான் பதில். கேரட் பொரியல் தாராளமாகச் சாப்பிடலாம், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

லேபிளில் மிச்சம் இருப்பவை. ஓஆர்ஏசி என்பது சோதனைக் குழாய்க்குள் ஒரு பொருள் எவ்வளவு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது என்கிற அளவு. உடம்புக்குள் நடப்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அமெரிக்க வேளாண் துறை உணவுகளுக்கு இந்த எண்களைப் பட்டியல் போட்டு வைத்திருந்தது. கேப்சூல் கம்பெனிகள் அதைத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று சொல்லி 2012இல் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. உங்கள் டப்பா இன்னும் அந்த எண்ணிலேயே நிற்கிறது.

ரெஸ்வெராட்ரால் சிவப்புத் திராட்சைத் தோலில் இருப்பது. பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் சீஸுமாகச் சாப்பிட்டும் மாரடைப்பு குறைவு, சிவப்பு ஒயின்தான் காரணம் என்று 1990களில் கிளம்பிய பேச்சில் பிரபலமானது. இத்தாலியின் கியான்டி பகுதியில், அதாவது ஒயினுக்கே பெயர் போன இடத்தில், 783 முதியவர்களின் சிறுநீரில் இதன் அளவைப் பார்த்துவிட்டு ஒன்பது வருஷம் தொடர்ந்தார்கள். அளவு கூடுதலாக இருந்தவர்களுக்கு இதய நோயும் குறையவில்லை, ஆயுளும் கூடவில்லை. 2014இல் வந்த முடிவு இது. அதற்கு முன்பே, 2012இல், இந்தப் பொருளைப் பற்றி ஏகப்பட்ட கட்டுரை எழுதிய ஒரு ஆய்வாளர் 145 இடங்களில் தரவுகளைப் புனைந்தோ திரித்தோ இருக்கிறார் என்று அவர் வேலை பார்த்த கனெக்டிகட் பல்கலைக்கழகமே அறிவித்தது.

எனக்கு உண்மையில் உறுத்துவது பைப்பரின். குர்குமினைத் தனியாகச் சாப்பிட்டால் குடலும் கல்லீரலும் சேர்ந்து அதைச் சீக்கிரமே கழித்துவிடும், ரத்தத்தில் ஏறுவது சொற்பம். 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தால் 20 மடங்கு ஏறுகிறது என்று 1998இல் பெங்களூரில் காட்டினார்கள். அதிலிருந்து எல்லாக் கம்பெனியும் மிளகைச் சேர்க்கிறது. ஆனால் பைப்பரின் எப்படி வேலை செய்கிறது? மருந்துகளைக் கழித்து வெளியேற்றும் நொதிகளைத் தடுக்கிறது. குர்குமினுக்கு மட்டும் வழிவிட்டு மற்ற மாத்திரைகளை மறிக்க அதற்குத் தெரியாது. வேறு சில மாத்திரைகளின் அளவை அது ரத்தத்தில் ஏற்றிவிடுவது மனிதர்களிடமே பார்க்கப்பட்டிருக்கிறது. ப்ரோப்ரனலால் அதில் ஒன்று, அது உங்கள் அப்பாவின் மெட்டோப்ரோலால் இருக்கும் அதே குடும்பம். அட்டோர்வாஸ்டாட்டினும் இந்த நொதிகளில் ஒன்றை நம்பித்தான் வெளியேறுகிறது. ரசத்தில் போடும் மிளகைப் பற்றிச் சொல்லவில்லை, பிரித்தெடுத்துத் தினமும் விழுங்குவதைச் சொல்கிறேன்.

அப்புறம் கல்லீரல். குர்குமின் கேப்சூல் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் வீங்கிய கேஸ்கள் இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் பதிவாகி, இரண்டு அரசுகளும் எச்சரிக்கை கொடுத்தன. பச்சைத் தேயிலைச் சாற்றின் ஈஜிசிஜி என்கிற பொருள் கேப்சூலாக ஒருநாளைக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் போனால் கல்லீரலுக்கு ஆகாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது. உங்கள் அப்பா ஏற்கெனவே ஸ்டாட்டினில் இருக்கிறார். நாளைக்குக் கல்லீரல் டெஸ்ட்டில் எண்கள் ஏறினால் பழி யார் மேல் விழும்? ஸ்டாட்டின் மேல்தான். டாக்டர் தேவைப்படும் மாத்திரையை நிறுத்துவார், டப்பாவைப் பற்றி யாரும் வாயே திறக்க மாட்டார்கள். கடையில் அடிக்கடி பார்க்கும் கூத்து இது.

அப்பாவிடம் டப்பாவைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி இந்த மாதிரி கேப்சூல்களில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சடித்தே ஆக வேண்டும். பொடி எழுத்தில் இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள். இதய நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது. அதனால்தான் அந்த வாக்கியம் டப்பாவில் இல்லாமல் மாமா வாயில் இருக்கிறது.

அணுவும் மூலக்கூறும்:

மருந்துக்கடை அம்மா விரிவாக எழுதியிருக்கிறார். டப்பா விஷயத்தில் அவரோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறேன். ஆனால் ஒரு இடத்தில் மறுப்பு உண்டு. நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன், பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் காட்டிய தோல்விகள் பெரும்பாலும் வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் தோல்விகள். தாவரங்களில் உள்ள பாலிஃபீனால்கள் வேறு சாதி. வெங்காயத்தின் குவெர்செட்டின், தேயிலையின் கேட்டசின்கள், நாவல் பழத்தின் ஆந்தோசயனின் எல்லாம் அதில் வரும். நெதர்லாந்தின் சுட்ஃபென் நகரத்தில் 65 முதல் 84 வயது வரையிலான 805 ஆண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 1993இல் வந்தது. பாலிஃபீனால்களில் ஒரு வகையான ஃபிளேவனாய்டு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இதய நோய்ச் சாவு தெளிவாகக் குறைவு. அவர்களுக்கு அது கிடைத்தது கேப்சூலிலிருந்து அல்ல. 61 சதவீதம் தேநீரிலிருந்தும், மிச்சத்தில் பெரும்பகுதி வெங்காயம், ஆப்பிளிலிருந்தும் வந்தது. அண்மையில் கொக்கோவை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்விலும் இதயச் சாவு குறைந்ததாகப் படித்தேன். ஒரேயடியாக எல்லாவற்றையும் பயனில்லை என்று தள்ளிவிட்டால், பையன் அப்பாவிடம் போய்க் காய்கறி பழமும் வீண் என்று சொல்லிவிடுவான்.

மருந்துக்கடை அக்கா:

சார், நியாயமான மறுப்பு. வைட்டமின் வேறு, பாலிஃபீனால் வேறு என்பதைப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்தப் பிரிவை ஒப்புக்கொண்ட பிறகு, பாலிஃபீனால் நல்லது செய்தால்கூட அது ஆன்டிஆக்ஸிடன்ட்டாக இருப்பதால் செய்யவில்லை என்பதுதான் என் கட்சி. நீங்கள் வேதியியல்காரர், கணக்கு உங்களுக்கே புரியும். வெங்காயமோ தேநீரோ சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் பாலிஃபீனால் லிட்டருக்கு ஒரு மைக்ரோமோல் அளவைத் தாண்டுவதே அபூர்வம். அதுவும் கல்லீரல் வேறு உருவத்துக்கு மாற்றிவிட்ட பாலிஃபீனால், சில மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும். அதே ரத்தத்தில் வைட்டமின் சி ஐம்பது மைக்ரோமோல் வரைக்கும், யூரிக் அமிலம் முந்நூறு வரைக்கும் எப்போதும் இருக்கின்றன. இரண்டுமே ஆன்டிஆக்ஸிடன்ட். அந்தக் கூட்டத்தில் ஒரு மைக்ரோமோல் போய் என்ன சாதிக்கும்? ஆப்பிள் சாப்பிட்டவுடன் ரத்தத்தின் ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தி ஏறுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட காலம் ஒன்று இருந்தது. பிறகு ஆராய்ந்தால், ஆப்பிளின் ஃப்ரக்டோஸ் யூரிக் அமிலத்தை ஏற்றியதுதான் பெரும்பாலும் காரணம்!

வேறு வழியில் வேலை செய்கிறது என்பதற்குத்தான் சான்று கூடுதல். ரத்தக்குழாயின் உள்பூச்சு செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன. அது குழாயைத் தளர்த்தி விரிக்கும். இதைக் கண்டுபிடித்ததற்குத்தான் 1998இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு. தம்பி, உங்கள் அப்பா பையில் இருக்கும் சார்பிட்ரேட்டும் உடம்புக்குள் போய் அதே நைட்ரிக் ஆக்சைடைத்தான் தருகிறது. கொக்கோ, தேநீர் இவற்றில் இருக்கும் ஃபிளேவனால்கள் என்ற பாலிஃபீனால்கள் அந்தச் செல்களைக் கொஞ்சம் கூடுதலாகச் சுரக்க வைக்கின்றன. கையில் பிபி பட்டையைச் சில நிமிஷம் இறுக்கிக் கட்டிவிட்டு அவிழ்த்து, குழாய் எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் பார்க்கும் சோதனையில் இது திரும்பத் திரும்பத் தெரிகிறது. பீட்ரூட்டும் அதே வாயுவைத்தான் தருகிறது, ஆனால் பாதை வேறு. அதன் நைட்ரேட்டை நாக்கில் இருக்கும் பாக்டீரியா மாற்றிக் கொடுக்கிறது. கிருமிநாசினி மவுத்வாஷால் வாயைக் கொப்பளித்தால் அந்தப் பலன் குறைந்துவிடும்.

நீங்கள் சொன்ன கொக்கோ ஆய்வு 2022இல் வந்த காஸ்மோஸ். 21,442 முதியவர்கள், தினம் 500 மில்லிகிராம் கொக்கோ ஃபிளேவனால். முதலில் எதைப் பார்ப்போம் என்று எழுதி வைத்தார்களோ, அதாவது எல்லா இதயச் சம்பவங்களும் சேர்ந்த எண்ணிக்கை, அது 10 சதவீதம் குறைந்தது, ஆனால் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்குத் தெளிவாக இல்லை. இதயச் சாவு 27 சதவீதம் குறைந்தது, அது இரண்டாம் பட்டியலில் இருந்த கணக்கு. எனக்கு நம்பிக்கை தரும் முடிவுதான். இன்னொரு ஆய்வு வந்து உறுதி செய்தால் கடையில் போர்டே மாட்டுவேன். அதற்குள் யாரும் பேரன் சாக்லேட்டைப் பிடுங்கித் தின்ன வேண்டாம். கடைச் சாக்லேட்டில் சர்க்கரையும் கொழுப்பும்தான் அதிகம், காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய கொக்கோவில் ஃபிளேவனால் பெரும்பகுதி போய்விடும்.

சுட்ஃபென் ஆய்வு மாதிரி, எதையும் கொடுக்காமல் வெறுமனே உற்றுப் பார்க்கும் ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு. அதே குழு 1997இல் வேல்ஸ் நாட்டுக் கேர்ஃபில்லி ஊரில் 1,900 ஆண்களைப் பார்த்தது. அங்கேயும் ஃபிளேவனாய்டு தேநீரிலிருந்துதான், ஆனால் இதய நோய் குறையவே இல்லை. அவர்கள் பால் ஊற்றிக் குடிப்பவர்கள், நம்மைப் போல. பால்தான் காரணமா, அவர்களுடைய மற்றப் பழக்கங்களா என்று அடித்துச் சொல்ல முடியாது. பெர்லினில் 16 பெண்களை வைத்து நடந்த சின்ன ஆய்வில் பால் சேர்த்ததும் தேநீரின் குழாய் விரிக்கும் குணம் போய்விட்டது. 16 பேரை நம்பி நான் யாருடைய டீயிலும் கைவைக்க மாட்டேன். சர்க்கரையைக் குறைக்கச் சொல்வேன்.

சாப்பாடு வீண் என்று நான் சொல்லவே இல்லை சார். ஸ்பெயினில் 7,447 பேருக்கு ஆலிவ் எண்ணெயோ, தினம் 30 கிராம் பருப்பு வகைகளோ (வால்நட், பாதாம், ஹேசல்நட்) கொடுத்துக் காய், பழம், மீன் அதிகமாகச் சாப்பிட வைத்த ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்து சுமார் 30 சதவீதம் குறைந்தது. ஆட்களைப் பிரித்த முறையில் சில இடங்களில் கோளாறு என்று கட்டுரையைத் திரும்பப் பெற்று, 2018இல் மறுபடி கணக்குப் போட்டும் அதே முடிவு. அதில் எந்த மூலக்கூறு வேலை செய்தது என்று பிரிக்க முடியாது, பிரிக்க வேண்டிய அவசியமும் நமக்கு இல்லை. வீட்டில் சின்ன வெங்காயம், கீரை, எண்ணெயில் வதக்கிய தக்காளி, தோலோடு வேர்க்கடலை, கொய்யா, நெல்லிக்காய் இருந்தால் போதும். தக்காளியின் லைகோபீன் எண்ணெயோடு வெந்தால்தான் நன்றாகச் சேரும் என்பதால் தொக்கு வைப்பவர்கள் பக்கம் நியாயம் உண்டு. உப்பைப் பார்த்துப் போடுங்கள்.

கவுனிக்காரன்:

நான் திருவாரூர் பக்கம் கறுப்புக் கவுனி நெல் போடுகிறேன். வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் "இது இதய அடைப்பைக் கரைக்குமா" என்று கேட்கிறார்கள். யூடியூப் வேலை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கறுப்பு நிறம் ஆந்தோசயனின், அது தவிட்டில் இருக்கிறது. வெள்ளையாகத் தீட்டினால் நிறமும் போகும், நார்ச்சத்தும் போகும். ஊறவைத்த தண்ணீரில் நிறம் இறங்கும், அதைக் கொட்டாமல் அதிலேயே வேகவையுங்கள். அடைப்பைக் கரைக்கும் என்று எழுதிக் கொடுத்தால் கிலோவுக்கு இன்னும் நாற்பது ரூபாய் கேட்கலாம் என்று ஒரு தரகர் சொன்னார், வேண்டாம் என்றேன். சாப்பாட்டுக்கு நல்ல அரிசி, அப்படியே விற்கட்டும்.

மன்னை மைந்தன்:

அக்கா, சார், அண்ணா, எல்லோருக்கும் நன்றி. நேற்று ஊருக்கே போய்விட்டேன். ஒரே ஆட்களுக்கு இரண்டையும் கொடுத்துப் பார்த்த ஆய்வை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம், "வயல்ல ரெண்டு உரத்தைச் சோதிக்கிறதுக்குப் பாதிப் பாதியாப் பாத்தி பிரிக்கிற மாதிரி பண்ணியிருக்கான்" என்றார். ராத்திரியே அட்டோர்வாஸ்டாட்டின் போட்டுக்கொண்டார். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்பதை அம்மாதான் கண்டுபிடித்தார், பார்கோடுக்குக் கீழே இருந்தது. மாமாவுக்குப் போன் போட்டு அதை வாசித்துக் காட்டியதும் அவரேதான். 2,400 இன்னும் வரவில்லை.

இரண்டு சந்தேகம் மிச்சம். கொல்லையில் பம்பளிமாஸ் மரம் காய்த்துத் தொங்குகிறது. கேப்சூல் வேண்டாம் என்றால் பழமாவது சாப்பிடுகிறேன் என்று அப்பா தினம் ஒன்று உரிக்கிறார். நல்லதுதானே? மருதம்பட்டைக் கஷாயம் வைக்கலாமா என்று அத்தை கேட்கிறார்.

மருந்துக்கடை அக்கா:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பம்பளிமாஸ் வேண்டாம் தம்பி. நல்ல பழம்தான், ஆனால் அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவருக்குத் தினம் ஒன்று ஆகாது. கிரேப்ஃப்ரூட்டும் (திராட்சை அல்ல, ஆரஞ்சு இனத்துப் பழம்) பம்பளிமாஸும் ஒரே வகை. இரண்டிலும் இருக்கும் ஃபியூரனோகூமரின் என்கிற பொருள் குடலில் அட்டோர்வாஸ்டாட்டினைக் கழிக்கும் நொதியை முடக்கிவிடும். மாத்திரை ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறும், தசைவலி வரலாம். இந்த ஒரு பழத்துக்கு மட்டும் தடை. கமலா ஆரஞ்சு, சாத்துக்குடி, கொய்யா எல்லாம் சாப்பிடலாம். இதற்குள் தொடையிலோ தோளிலோ காரணமில்லாத வலி, சிறுநீர் கருத்துப் போவது ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மருதம்பட்டையை வைத்து நம் நாட்டில் சில ஆய்வுகள் நடந்திருக்கின்றன, நெஞ்சுவலி குறைந்ததாகவும் முடிவுகள் உண்டு. எல்லாம் சிறிய ஆய்வுகள், ஒவ்வொன்றிலும் பட்டையைத் தயாரித்த விதம் வேறு. ஸ்டென்ட் வைத்து இரண்டு ரத்த மெலிவு மாத்திரையும் மெட்டோப்ரோலாலும் சாப்பிடுகிறவருக்கு அதைக் கூடச் சேர்த்தால் என்ன ஆகும் என்று சொல்ல அது போதாது. அத்தை ஆசைப்பட்டால் அடுத்த செக்கப்பில் இதய டாக்டரிடமே கேட்கட்டும். கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் 'கீரை இதயத்துக்கு நல்லது' என்று திடீரென்று அள்ளிச் சாப்பிடாதீர்கள். கீரையின் வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். வாரா வாரம் ஏறத்தாழ ஒரே அளவு சாப்பிட்டால் டாக்டர் அதற்கேற்ப மாத்திரை அளவை வைத்துக்கொள்வார். உங்கள் அப்பாவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, முருங்கைக்கீரை தாராளமாகப் போடச் சொல்லுங்கள். பம்பளிமாஸை மாமாவுக்குக் கொடுத்தனுப்பலாம், அவர் ஸ்டாட்டின் சாப்பிடவில்லை என்றால்.